கால்மாட்டுக் கரிசல்

அங்கன தூவாதிய யம்மா. கேந்தி விதைதானே அது? உங்க லால்குடிப் பக்கம் செண்டுமல்லிம்பாங்க. தூவாதியன்னு சொல்லுதேம்லா. முளைக்கும், முளைக்காதுன்னு சொல்லல. நல்லா முளைக்கும், ரெண்டு இலை விடும், நீங்களும் சந்தோசப்படுவிய. பொறவு ஒரு நாள் மத்தியானம் வந்து பாத்தா அப்பளம் மாதிரி சுருண்டு கெடக்கும். இது தேரி மண்ணு. பாக்கதுக்குச் செக்கச்செவேல்னு அழகா இருக்கும், ஆனா மண்ணு இல்ல அது, மணலு. தண்ணியைப் பிடிச்சு வைக்கவே வைக்காது. நீங்க ஊத்துத தண்ணி அம்புட்டும் உங்க வீட்டுக்காரருக்குத்தான் போவும், செடிக்குப் போவாது.

கோவிச்சுக்கிடாதிய. நான் அப்படித்தான், உள்ளதைச் சொல்லிப்புடுவேன். போன வாரம் உங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் மிக்கேலம்மாள். தையல் டீச்சர்னு கேட்டா ஊர்ல சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். கன்னியர் பள்ளிக்கூடத்துல இருந்தேன், இப்போ ரிட்டயர் ஆயாச்சு.

இப்படி வேப்பமரத்து நெழல்ல உக்காருங்க. குழாயில தண்ணி வர இன்னும் நேரம் இருக்கு. விதையை முந்தியில முடிஞ்சு வையுங்க. மண்ணைப் பத்தித் தெரியாம விதையில கை வைக்கப்படாது. நான் சும்மா சொல்லல, பட்டதைச் சொல்லுதேன். அந்தா மூணாவது வரிசையில பாருங்க. சிமெண்டு இல்ல, டைல்ஸ் இல்ல, மரச்சிலுவை மட்டும் வச்சு மேல கேந்தியும் வாடாமல்லியுமா நிக்குல்லா, அது எந் தம்பி ராயப்பன். அந்த மண்ணுக்கு நடந்த சண்டை இந்த ஊர்ல வரப்புத் தகராறுக்குக் கூட நடந்தது கிடையாது. எல்லாம் அவளாலதான். செலினாலதான்.

ராயப்பன் எனக்குத் தம்பின்னு பேரு. எங்க அம்மை போகும்போது அவன் கைப்பிள்ளை. பல்லு முளைச்சதுல இருந்து மீசை முளைச்சது வரைக்கும் நாந்தான். நான் கல்யாணம் கட்டிக்கிடல. ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, நீங்களும் கேக்காதிய. அவன் கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தான். மழை, காத்துன்னு பாக்காம கம்பத்துல ஏறுவான், நான் வீட்டுல ஜெபமாலையை உருட்டிக்கிட்டு இருப்பேன். கம்பத்துல அவனுக்கு ஒண்ணும் ஆகல. சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போன எடத்துல விழுந்தான். ஐம்பது கூட ஆகல.

எங்க அப்பா கல்லறைக்கு டைல்ஸ் ஒட்டும்போது சொன்னான். "யக்கா, நாள் பூராவும் கம்பத்துக்கு அடியில சிமெண்டு போட்டே என் காலம் போவுது. என் மேலயும் போட்டுராதிய. மண்ணா விட்டு நாலு கேந்தி வையுங்க, போதும்." விளையாட்டாத்தான் சொன்னான். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்குன்னு வீட்டு முத்தத்துல கேந்தி போடுவான். எங்க ஆளுகளுக்கு மட்டும் இல்ல, எந்தக் கல்லறையில பூ இல்லாம கெடக்கோ அதுக்கெல்லாம் வச்சிட்டு வருவான். அந்த மாதிரி புத்தி.

அவன் கட்டுனது செலின். ஓட்டப்பிடாரத்துக்கு அங்கிட்டு, கரிசக்காட்டுக்காரி. நாம ஒண்ணு சொன்னா மறுவார்த்தை கிடையாது. நல்ல பிள்ளைன்னு ஊரு சொல்லும். எனக்கு அதுதான் பிடிக்காது. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும், சண்டை போடணும். இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரி மதினி"ம்பா, போயி தான் நினைச்சதைச் செஞ்சிட்டு வந்திருவா. அப்படி ஒரு பொம்பளையோட நீங்க ஒரு வருசம் இருந்து பாருங்க, தெரியும்.

அவன் போனது சித்திரையில. ஆடிக்காத்து ஓயட்டும், குளத்துல வண்டல் அள்ளிக் கொண்டாந்து போட்டுட்டு விதை போடுவோம்னு நான் சொல்லியிருந்தேன். "சரி மதினி"ன்னா. ஒரு நாள் இங்கன வந்து பாக்கேன், உங்களை மாதிரியே குத்த வச்சுக்கிட்டு, சும்மா தேரி மண்ணுல விதையைத் தூவிட்டு இருக்கா. நான் கத்துனேன். "கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்துனா வந்திரும் மதினி"ங்கா. காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் தூக்கிட்டு வந்து ஊத்துனா. என்ன ஆச்சு? அப்பளம்.

"நான் சொன்னேம்லா?"ன்னு கேட்டேன்.

"ஆமா மதினி."

அவ்வளவுதான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்"னு ஒரு வார்த்தை வேண்டாமா?

அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணுனேன். பாதிப் பாதி. தலைமாடு எனக்கு, கால்மாடு அவளுக்கு. நடுவுல ரெண்டு செங்கலை வச்சேன். சிரிக்காதிய. தலைமாடு எனக்குத்தானே வரணும்? வளத்தவ நான். அவ பொண்டாட்டி, இல்லன்னு சொல்லல. அதுக்காக நேத்து வந்தவளுக்குத் தலையைக் குடுக்க முடியுமா? நேத்துன்னா நேத்து இல்ல, இருபத்தஞ்சு வருசம் இருக்கும். ஆனாலும்.

என் பக்கத்துக்குக் குறை வைக்கல. குளத்து வண்டல்ல நல்ல மாவு மாதிரி இருக்கதாப் பாத்து எடுத்தேன். அதுல ஆட்டுப்புழுக்கையைக் கொட்டுனேன். பெட்டி பெட்டியாக் கொட்டுனேன். ஒரு கை போதும் டீச்சர்னு குழிவெட்டுத பவுலு சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? எந் தம்பிக்கு நான் என்னைக்கு அளந்து போட்டிருக்கேன்?

இவ என்ன பண்ணுனா தெரியுமா? ஊருக்குப் போறேன்னுட்டுப் போனா. மறுநாள் பஸ்சுல இருந்து இறங்குதா, இடுப்புல ஒரு சாக்கு. கண்டக்டர் வேற ஒண்ணைத் தூக்கி இறக்கி வைக்கான். நான் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கேன். உளுந்து கொண்டாந்திருக்கான்னு நினைச்சேன். அவுத்துப் பாத்தா மண்ணு! கரிசல் மண்ணு! ஓட்டப்பிடாரத்துல இருந்து ரெண்டு பஸ்சு மாறி மண்ணைச் சுமந்துட்டு வந்திருக்கா.

"ஏட்டி, உங்க ஊரு மண்ணுல அப்படி என்ன தங்கமா இருக்கு?"ன்னு கேட்டேன். நாலு பேரு நிக்காங்க, எல்லாரும் சிரிச்சாங்க.

"இருக்கு மதினி"ன்னா. சாக்கைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா.

எனக்கு எரிஞ்சது. அவனும் அப்படித்தான். வருசா வருசம் மழைக்கு முன்ன மாமியா வீட்டுக்கு ஓடுவான். நான் அன்னைக்குன்னு கறி எடுத்து வச்சிருப்பேன், "இல்லக்கா, செலின் ஊருக்குப் போவணும்"பான். வரும்போது செருப்பு பூராவும் கரிசல் ஒட்டியிருக்கும். அப்படி என்னத்தைத்தான் ஆக்கிப் போட்டாளோ அவ அம்மை. சரி, உயிரோட இருக்கும்போதுதான் இழுத்துட்டுப் போனா, செத்த பொறவும் உங்க ஊரு மண்ணா?

கரிசல் எப்படின்னா, காஞ்சா கை நுழையுத மாதிரி வெடிக்கும், நனைஞ்சா சீயக்காய் அரைச்ச மாதிரி ஒட்டும். அதைக் கொண்டாந்து கால்மாட்டுல பரத்துனா. உச்சி வெயில்ல உக்காந்து கட்டியை ஒண்ணொண்ணாக் கையால உடைச்சா. இங்கன உள்ள மணலை அதோட கலந்து கலந்து பெசைஞ்சா. நாத்து வாங்கி நட்டா. நானும் என் பக்கம் நட்டேன். ஒரே நாளு, ஒரே நாத்து, ஒரே கட்டு.

என் செடி நீங்க பாத்திருக்கணும் யம்மா. இடுப்பு உசரம்! இலை அப்படியே கரும்பச்சை. வாறவன் போறவன் எல்லாம் நின்னு பாத்தான். பூவா? பூ வரலை. அது வரும். இலைக்குத்தானே முதல்ல சத்து போவணும்? அவ செடி முழங்கால் உசரம் கூட இல்ல, நோஞ்சானா நிக்கி. ஆனா மொட்டு. எண்ண முடியாது, அப்படி ஒரு மொட்டு. பவுலு பாத்துட்டுச் சொல்லுதான், "லைன்மேனுக்குத் தலையில முடியும், காலுல கொலுசும் போட்டு வச்சிருக்கிய டீச்சர்." போடா அங்கிட்டுன்னேன்.

நான் பொறாமைப்படல. எனக்கு என்ன பொறாமை? எந் தம்பிக்குத்தானே பூக்குது. என் கவலை மழை. கரிசல்ல தண்ணி நின்னா வேரு அழுகும். அதைச் சொன்னேன். "மணல் கலந்திருக்கேன், வடிஞ்சிரும் மதினி"ங்கா. எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பா, மெல்ல, கேக்காத மாதிரி.

அந்த வருசம் புரட்டாசியிலயே மழை பிடிச்சிட்டு. ஒரு ராத்திரி பூரா கொட்டுச்சு. விடியவும் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தேன். வந்து பாத்தா, என் பக்கம் தண்ணி ஒண்ணும் நிக்கல. கால்மாட்டுல தண்ணி நிக்கி. குளம் மாதிரி. கலங்கி, கறுப்பா.

எனக்கு எப்படி ஆச்சுன்னு உங்களுக்குப் புரியும். நீங்களும் இப்போதானே ஒருத்தரை வச்சிட்டுப் போயிருக்கிய. அந்தத் தண்ணிக்கு அடியில அவன் காலு இருக்கு. சின்னப்பிள்ளையில சளி பிடிக்கும்னு அவனை நான் ஈரத்துல கால் வைக்க விட்டது கிடையாது. மழையில நனைஞ்சு வந்தா முந்தியால காலைத் துடைச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன். மீசை வச்ச பொறவும்.

பவுலு கிட்ட மம்பட்டியைக் கேட்டேன்.

"விடுங்க டீச்சர், நாளைக்குள்ள வடிஞ்சிரும்"னான்.

"நாளைக்கு வரைக்கும் எந் தம்பி தண்ணிக்குள்ள கெடக்கணுமால?"ன்னு கத்துனேன். அவன் மம்பட்டியைப் போட்டுட்டு ஒதுங்கிட்டான்.

நானே வெட்டுனேன். செடியை எல்லாம் வேரோட எடுத்து ஓரமா வச்சேன், அழிக்கல. கரிசலை ஒட்ட வழிச்சு ஓலைப்பெட்டியில அள்ளி, அந்தா தெரியுதுல்லா மதில், அதுக்கு அடியில கொண்டு கொட்டுனேன். எத்தனை நடை நடந்தேனோ. கொட்டுன எடத்துலயும் மழை விழுந்து ஓடையில ஒழுகிப் போச்சு. போவட்டும்னு விட்டேன். நல்ல செம்மண்ணா அள்ளிப் போட்டு மெத்தி, செடியைத் திரும்ப நட்டேன். என் கையெல்லாம் கொப்புளம். நிம்மதியா வீட்டுக்குப் போயிக் காப்பி போட்டுக் குடிச்சேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவ வந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா. நான் இங்கனதான் நின்னேன். வரட்டும், பாக்கட்டும், இப்பவாவது சொல்லுவாள்லா, நல்லவேளை மதினி வந்து பாத்தியன்னு.

கால்மாட்டையே பாத்துக்கிட்டு நின்னா. செடி தலை சாஞ்சிருந்தது, அது நட்ட புதுசுல அப்படித்தான் இருக்கும்.

"மண்ணு எங்க மதினி?"

"எந்த மண்ணு?"

"நான் கொண்டாந்த மண்ணு."

"அதையா கேக்க? அந்தா, மதிலுக்கு அடியில கெடக்கு. ஊரு தண்ணியெல்லாம் அவன் காலுலதான் நின்னுச்சு, தெரியுமா உனக்கு?"

ஓடுனா யம்மா. அவ ஓடி நான் பாத்ததே இல்ல. நல்ல சேலையோட சகதியில உக்காந்து ரெண்டு கையாலயும் வாருதா. கறுப்பு எது செவப்பு எதுன்னு தெரியாமக் கலந்து போச்சு. வாரி மடியில போடுதா. பூசை முடிஞ்சு வந்த சனம் எல்லாம் நின்னு பாக்கு. எனக்கு அவமானமாப் போச்சு.

"ஏட்டி, எந்திரி! மண்ணுதானே! ஒரு டெம்போ கரிசல் அடிச்சுத் தாறேன், எந்திரி!"ன்னேன்.

தலையைத் தூக்கல. "அது மண்ணு இல்ல மதினி"ன்னா. "எம் பிள்ளை."

எனக்கு ஒண்ணும் புரியல. இவளுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டுன்னு நினைச்சேன்.

"எம் பிள்ளையைப் பொதச்ச எடத்துல அள்ளிக் கொண்டாந்தது. அவரு இருந்த வரைக்கும் வருசந்தவறாமப் போயிப் பாத்துட்டு வருவாரு. இனிமே யாரு போவா? அதான் அப்பன் கிட்ட கொண்டாந்து விட்டேன். அதையும் அள்ளிக் கொட்டிட்டிய."

நான் சொல்லுதேன், கேளுங்க. கல்யாணமான மறுவருசம் அவ தாய் வீட்டுல பிரசவம். ஆம்பளைப் பிள்ளை. பொறந்து கொஞ்ச நேரந்தான் இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள போயிட்டு. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துல வைக்கக்கூடாதுன்னு அங்கன பெரியவங்க சொல்ல, அவ அப்பன் புஞ்சையில, உடைமரத்துக்கு அடியில வச்சிட்டாங்களாம். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் போவல. பள்ளிக்கூடத்துல அப்போ பரீட்சை, பிள்ளைகளோட தையல் எல்லாம் எங்கிட்டக் கெடக்கு, எப்படிப் போவேன்? அவ திரும்பி வந்து மூலையில படுத்துக்கெடந்தா. நான்தான் போயி ஆறுதல் சொன்னேன். "பேரு கூட வைக்காத பிள்ளைக்கு இம்புட்டு அழுகையா? அடுத்தது வரும், எந்திரிச்சு வேலையைப் பாரு"ன்னேன். இதுல என்ன தப்பு? ஆறுதல்தானே? எல்லாரும் சொல்லுததுதானே? அடுத்தது வரல. அதுக்கு நான் என்ன செய்ய? அவங்களுக்காகப் போகாத கோயில் இல்ல நான், ஏத்தாத திரி இல்ல.

அதை அவ மனசுல வச்சிருக்கா பாருங்க. அம்புட்டு வருசமா. சகதியில உக்காந்துக்கிட்டு அதைத்தான் சொல்லுதா.

"பேரு வச்சோம் மதினி. அவருதான் வச்சாரு. மிக்கேல்னு. உங்க பேரை."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! என் பேரு! எனக்குத் தெரியாம என் பேரை ஒரு பிள்ளைக்கு வச்சு, அந்தப் பிள்ளையைக் காட்டுல பொதச்சு, புருசனும் பொண்டாட்டியுமா வருசந்தோறும் போயிப் பாத்துட்டு, எங்கிட்ட மாமியா வீட்டு விருந்துன்னு பொய் சொல்லிக்கிட்டு! ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நான் என்ன வேத்து ஆளா? அவனை மடியில போட்டு வளத்தவட்ட, அவன் பிள்ளை எங்க கெடக்குன்னு சொல்லப்படாதா? சொல்லியிருந்தா நான் அந்த மண்ணுல கை வைப்பேனா? பஸ் ஸ்டாண்டுல கேட்டேம்லா, என்ன இருக்குன்னு? அப்பச் சொல்ல வேண்டியதுதானே?

இதை எல்லாம் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அவ மடியில வாரினதை முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒரு பிடி, ரெண்டு பிடி இருக்கும். அதுக்குப் பொறவு இங்கன வரவே இல்ல. வீட்டுலயும் கதவைச் சாத்திக்கிட்டா. ஒரே வீட்டு முத்தம், ரெண்டு வாசல். எதுத்தாப்புல பாத்தா முகத்தைத் திருப்பிக்கிடுதா.

நான் மறுநாள் வந்தேன். அவளுக்காக இல்ல. மதிலுக்கு அடியில அசிங்கமாக் கெடக்கே, ஒதுக்குவோம்னுதான். வெயில் அடிச்சிருந்தது. கரிசல் காஞ்சா கட்டி கட்டியாச் சேந்துக்கிடும், மணல் சேராது, உதுந்துரும். வீட்டுல இருந்து அரிசி புடைக்குத சொளவைக் கொண்டாந்து, அள்ளிப் போட்டுப் புடைச்சேன். மணல் போவ, கறுப்பு நிக்கும். சின்னச் சின்னக் கட்டியைக் கையால பொறுக்குனேன். ஓடைக்குள்ள இறங்கி அங்கன படிஞ்சு கெடந்ததையும் வழிச்சேன். நாள் பூரா. மறுநாளும். தையல்காரி கண்ணு, மிளகு அளவு கட்டி கூடத் தப்பாது.

பங்குச் சாமியார் அந்த வழியா வந்தாரு. "என்ன டீச்சர் தேடுதிய? கம்மல் விழுந்து போச்சா?"ன்னாரு.

"ஆமா சாமி, கம்மல்தான்"னேன்.

அவரும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சிட்டாரு, நல்ல மனுசன். வேண்டாம் சாமி போங்கன்னு விரட்ட வேண்டியதாப் போச்சு. அந்தப் பொய்யைப் பொறவு பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன்.

அள்ளிச் சேத்ததை எங்க போடன்னு பாத்தேன். கால்மாட்டுல போடல. யாராவது பிள்ளையைக் காலடியில போடுவாங்களா? அவளுக்கு அது கூடத் தெரியல பாருங்க. நடுவுல இருந்த செங்கலை எடுத்து வீசிட்டு, நெஞ்சுக்கு நேரா எடம் பண்ணுனேன். அடியில இந்தத் தேரி மண்ணையே நல்லாக் கொத்தி விட்டேன். தலைமாட்டுல இருந்து வண்டல் கொஞ்சம் எடுத்தேன். மக்குன சாணி ஒரே ஒரு கை, அதுக்கு மேல போட்டா இலைதான் வரும், பூ வராது, அதை மட்டும் மறந்திராதிய. எல்லாத்தையும் கரிசலோட கலந்து பரத்தி விட்டேன். கரிசல் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், மணல் வழிய விடும். இது யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானாக் கண்டுபிடிச்சது. அவ முந்தியே மணல் கலந்தாளேன்னு பவுலு சொல்லுதான். அவன் கெடக்கான்.

வாடிக்கெடந்த அவ செடியை அதுல கொண்டு வச்சேன். பாதி போச்சு. பாதி பிழைச்சது.

கல்லறைத் திருநாளைக்கு முந்தின நாளு கோயில்ல போயி நின்னேன். இறந்தவங்க பேரை எல்லாம் சொல்லிக் குடுத்தா, இங்கன சாயங்காலப் பூசையில வாசிப்பாங்க. உங்க வீட்டுக்காரர் பேரையும் நீங்க குடுக்கணும், மறந்திராதிய. எங்க அப்பா பேரு, அம்மை பேரு, ராயப்பன் பேரு சொன்னேன். பொறவு மிக்கேல்னேன்.

சாமியார் நிமிந்து பாத்தாரு. "மிக்கேலா? உங்க பேரையே சொல்லுதிய டீச்சர்?"

"என் பேரு இல்ல சாமி. எம் மருமகன். தம்பி மகன்."

"தம்பிக்குப் பிள்ளை இல்லல்லா?"

"இருந்துச்சு."

"ஞானஸ்நானம் ஆன பிள்ளையா?"

"பேரு இருக்கு சாமி. வாசிங்க"ன்னேன். குரல் கொஞ்சம் கூடிட்டுப் போல. அவரு எழுதிக்கிட்டாரு.

மறுநாள் சாயங்காலம் இங்கன நிக்க எடமில்ல. மெழுகுதிரியும் சாம்பிராணியுமா ஒரே பொகை. அவ வந்தா. வராம இருப்பாளா? வந்தவ கல்லறையைப் பாத்தா. நெஞ்சுப்பக்கம் கறுத்துக்கெடக்கதைப் பாத்தா. கேந்தி அஞ்சாறு பூத்திருந்தது, சின்னப் பூவுதான். குனிஞ்சு ஒரு கட்டியை எடுத்து விரல்ல நுணுக்கிப் பாத்தா. என் பக்கம் திரும்பல. நானும் திரும்பல. ஆளுக்கொரு பக்கம் நின்னோம்.

பேரு வாசிச்சாங்க. ராயப்பன்னாரு. பொறவு மிக்கேல்னாரு. மைக்குல ஊரு பூரா கேட்டுச்சு.

அவ கையில இருந்த திரி சாஞ்சு போச்சு. மெழுகு கையில ஒழுகுது, அப்படியே நிக்கா.

பூசை முடிஞ்சு சனம் கலைஞ்ச பொறவு எங்கிட்ட வந்தா. அத்தனை நாளா முகத்துல முழிக்காதவ.

"யாரைக் கேட்டு மதினி பேரு குடுத்திய?"

"யாரைக் கேக்கணும்? நான் அத்தை."

திரியை என் கையில குடுத்துட்டு உக்காந்து, அந்த மண்ணைத் தடவித் தடவி மட்டமாக்குனா. எந்திரிச்சு என்ன சொன்னாங்கிய?

"ராயப்பன் மகன் மிக்கேல்னு குடுத்திருக்கணும். வெறும் மிக்கேல்னா ஊர்ல எத்தனை மிக்கேல் செத்திருக்கான்? எந்த மிக்கேல்னு கடவுளுக்குத் தெரிய வேண்டாமா?"

பாத்தியளா யம்மா? கை நகத்துக்குள்ள எல்லாம் கரிசல் போயி, இடுப்பு பிடிச்சு நிக்கேன். நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கா. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "அடுத்த வருசம் நீயே போயிச் சொல்லு"ன்னேன். "நீங்களே சொல்லுங்க, நீங்கதானே அத்தை"ன்னுட்டுப் போறா.

அடுத்த வருசம் நான்தான் குடுத்தேன். ராயப்பன், ராயப்பன் மகன் மிக்கேல்னு அழுத்தந்திருத்தமாச் சொன்னேன். புதுச் சாமியார். எழுதினதைச் சரியாப் பாக்காம ராயப்பன் மிக்கேல்னு ஒரே ஆளாச் சேத்து வாசிச்சிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாரு. எனக்குப் பக்கத்துல சடார்னு ஒரு சத்தம், செலின் கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போறா. நேரா பீடத்துக்கு முன்ன போயி நின்னு, "சாமி, அது ரெண்டு பேரு! அப்பனும் மகனும்! ரெண்டு பேரு!"ன்னு கத்துதா. மைக்குல விழுது. எந்த நாளும் வாய் திறக்காத செலின்! ஊரே வாயைப் பொளந்து நிக்கி. அந்த மனுசன் பூசைக்கு நடுவுல என்ன இதுன்னு கூட நின்ன கோயில் உபதேசியாரைப் பாக்காரு. உபதேசியார் அவ கையைப் பிடிக்க வாறாரு. நான் விடுவேனா? நானும் போயி அவ பக்கத்துல நின்னு, "அவ கையைத் தொடாதிய! பேரைச் சரியா வாசிங்க சாமி, நாங்க நிக்கோம்"னேன்.

முதல்ல இருந்து திரும்ப வாசிக்க வச்சோம்.